நாற்பதாயிரம் மேலே

"அமுக்கும்மா!" லிஃப்ட் கூண்டுக்குள்ள நின்னுக்கிட்டு நான் கத்தினேன்.

வெளியே சிந்து பொத்தான் மேல விரலை வெச்சவ, அமுக்கலை.

நேத்து இதே நடுத்தளத்துல அமுக்கினப்போ, மேலே போகவேண்டிய கூண்டு கீழே பாய்ஞ்சு குழியில இடிச்சது. உள்ளே இருந்தது மணல் மூட்டை, நல்லவேளை.

மேல்தளத்தோட உயரத்துக்கு நாற்பதாயிரம்னு ஒரு எண்ணை புரோகிராம்ல எழுதியிருந்தாங்க. பெரிய கம்ப்யூட்டர்ல எழுதறதை, லிஃப்டுல இருக்கிற சின்ன சிப்புக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்றது கம்பைலராம். அதைச் செஞ்சவ சிந்து. பெரிய கம்ப்யூட்டருக்கு நாற்பதாயிரம் ஒரு பொருட்டே இல்லை. சிப்புல அது கொள்ளாம மைனசாத் திரும்பிடுச்சாம்.

மைனஸ்னா கீழே.

இப்போ கம்பைலர் சிப்போட அளவைப் பார்த்து, ஒரு அறையில கொள்ளாத எண்ணுக்கு சிப்புக்குள்ள ரெண்டு அறை ஒதுக்குதாம். சொல்றாங்க. யாரு கண்டா?

இன்னைக்கும் கீழே போனா கம்பைலரைத் தூக்கிப் போட்டுட்டு வெளிநாட்டுச் சரக்கு வாங்கப் போறதா மேனேஜர் சேஷகிரி சொல்லிட்டாரு. சிந்துவுக்கும் வேலை இருக்காது.

எங்க பொம்மசந்திரா கம்பெனியில, புரோகிராம் வேலை பார்த்தவங்கதான் டெஸ்டுல முதல்ல ஏறணும். அவளும் ஏறத்தான் வந்தா. நான் முந்தி ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டேன்.

"படிச்சவங்க பேச்சை நான் நம்பறதில்லை. நானே பார்க்கணும்."

"கெழவனுக்குத் திமிரைப் பாரு"ன்னு ஃபிட்டர் சிரில் சிரிச்சான்.

சிந்து அமுக்கினா.

கூண்டு ஒரு குலுக்கு குலுக்கிச்சு. கம்பியை இறுக்கிப் பிடிச்சேன்.

எதிர்ச் சுவர் கீழே இறங்குது.

அப்படின்னா நான் மேலே போறேன்!

"போகுதுடா! மேலே போகுது!"

கீழே ஒரே கைதட்டல். சேஷகிரி "ஆயித்து! ஆயித்து!"ன்னு, ஆச்சு ஆச்சுன்னு கன்னடத்துல கத்திக் குதிக்கிறாரு. சிரில் விசிலடிக்கிறான். கூண்டு மேல்தளத்து வாசலுக்கு நேரா, ஒரு விரக்கடை பிசகாம நின்னுச்சு. எனக்கே கத்தணும் போல இருந்துச்சு. கத்தினேன்.

"இப்பவாவது நம்பறீங்களா தாத்தா?" சிந்துவோட குரல் கீழேயிருந்து வந்துச்சு.

"நம்பலை! இனிமே எத்தனை டெஸ்ட் வெச்சாலும் நான்தான் ஏறுவேன்!"

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

என் சம்சாரம் மரகதம் பிரசவ ஆஸ்பத்திரியில ஆயா. போன வாரம் அங்கே வரிசையில சிந்துவைப் பார்த்திருக்கா.

அந்தப் பொண்ணு இன்னும் கம்பெனியில யார்கிட்டயும் சொல்லலை.

நானும் சொல்லலை.