சொட்டு விழாத அட்டை

இத்தாலியின் ஃபயென்ஸா ஊரில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வண்டிக்கடியில் அட்டை விரித்துவைப்பார்கள். எல்லா வண்டியும் ஆயில் ஒழுகும். ஓய்வுபெற்ற நோட்டரி எர்க்கோலே இன்னொருவரிடமிருந்து வாங்கிய வண்டியின் அட்டையில் மட்டும், வாங்கிய நாளிலிருந்து ஒன்பது வருடமாகச் சொட்டே இல்லை.

"என் கையைத் தவிர அதுக்கு வேற கை தெரியாது" என்று மோட்டார் சைக்கிள் கிளப்பில் பிரசங்கமே செய்வார்.

இந்தக் குளிர்காலத்தில் எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்படியும் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் மீட்டரில் நாற்பத்தாறு கிலோமீட்டர் கூடியிருந்தது.

"போக இருபத்துமூணு, வர இருபத்துமூணு. பழைய ஓனர் வீட்டுக்குப் போகுதுடா, அவர் செத்தது அதுக்குத் தெரியாதுபோல" என்று சிரித்தான் நண்பன் நெல்லோ.

எர்க்கோலே அங்கேயே போனார். ஓனரின் மனைவி அஞ்சோலினா கதவைத் திறந்தாள்.

"ஓ, வாரநாள்ல வண்டியப் பாத்துக்கிறவர் நீங்கதானா? காபி சாப்பிடுறீங்களா?"

முற்றத்தில் ஓர் அட்டை விரித்திருந்தது. ஒன்பது வருடத்துச் சொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுத்திருந்தன. மேலே இருந்தது இன்னும் காயவில்லை.