பின்னால் வருபவருக்காக

மழை கேட்டு மத்தோபோ குன்றின் குகைக் கோயிலுக்கு நடப்பவர்கள் ஓடையருகே டயர் செருப்புகளைக் கழற்றுகிறார்கள். "பேசறதை இங்கேயே பேசிடுங்க அண்ணி, ஓடை தாண்டினா வாயைத் திறக்கக் கூடாது" என்கிறாள் நாத்தனார் நொமுசா. "உன் அண்ணன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கிட்டேதான் வருவாரு. அப்பவும் பெஞ்சுதே" என்கிறாள் செட்சா. பிறகு வெறுங்கால்களின் சரசரப்பு மட்டும். பழுப்புப் புல்லில் சாயங்கால வெயில். வரிசையின் கடைசியில் செட்சா. போன குளிர்காலத்தில் இறந்துபோன கணவர் வருஷா வருஷம் அவளுக்குப் பின்னால்தான் நடந்தார். குறுக்கே நீண்ட முள்கிளையை விலக்கித் தாண்டியவள், பின்னால் வருபவருக்காகப் பழக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் வெறும் பாதை. விட மனம் வரவில்லை. முன்னால் போன நொமுசா திரும்பி வருகிறாள்; கிளைக்கு அப்பால் போய், அதனடியில் குனிந்து நுழைந்து, மறுபடி இந்தப் பக்கம் வருகிறாள். செட்சா கிளையை விடுகிறாள்.