மேற்குச் சுவரின் நிழல்

அம்மாவின் கண் ஆபரேஷனை அண்ணன் எபிநேசர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். மறைந்திருக்கும் கோள் ஒன்று நெருங்கி வருவதாகப் பழைய கல்வெட்டில் இருக்கிறது என்று ஒரு வீடியோ சொல்லியிருந்தது. அந்தக் கல்வெட்டை நான் தேடிப் படித்தேன். ஏரித் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பது மட்டும்தான் அதில் இருந்தது.

“பிசிக்ஸ் படிச்சிட்டா எல்லாம் தெரியுமா உனக்கு? அந்தக் கோளு இன்னொரு சூரியனாட்டம் வரும். ஆபரேஷன் பண்ண கண்ணு தாங்குமாடி?” என்றான் அண்ணன்.

அதற்குள் கண் அழுத்தம் முற்றி அம்மாவுக்கு வலது கண் போனது. இடது கண்ணையாவது காப்பாற்ற நானே ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். அன்றிலிருந்து அவனோடு நான் சரியாகப் பேசுவதில்லை.

ஆம்பூரில் தோல் காயவைக்கும் களத்தில் அம்மாவுக்கு வேலை. சாயங்காலம் மேற்குச் சுவரின் நிழல் முதல் வரிசையைத் தொட்டதும் தோல்களை எடுத்துவிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் நாள், காலையில், துணைக்கு நானும் போனேன்.

“நிழல் வந்துடுச்சிமா. தோல எடுக்கணும்,” என்றாள் அம்மா.

“காலைலதாம்மா. அது கிழக்குச் சுவத்து நிழல்.”

“அது அங்க கீது. இத பாரு.”

பார்த்தேன். கிழக்கே சூரியன் இருந்தது. கிழக்குச் சுவரின் நிழல் அதன் இடத்தில் இருந்தது. எதிரே, மேற்குச் சுவரின் நிழலும் முதல் வரிசைமேல் விழுந்திருந்தது.

தோல் ஏற்ற வந்த அண்ணன் வண்டியில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

“இன்னா பாக்குறீங்க ரெண்டு பேரும்?”

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

அவன் சொன்னது சரி என்று என் வாயால் வரக்கூடாது. அம்மா குனிந்து முதல் தோலை எடுத்தாள். நிழல் இரண்டாவது வரிசைக்கு வந்திருந்தது.