டெஸ் யார் கணக்கில்?

"உங்க பொண்ணு பேரை ஏற்கெனவே வேற யாரோ கணக்குல காட்டிட்டாங்கம்மா. கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிடுச்சு."

நூலகத்தில் இலவசமாக வரிக் கணக்குப் போட்டுத் தரும் ரிட்டயர்டு வாத்தியார் நோவாக், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேற யாரோவாம்! கர்ட்டைத் தவிர வேறு யார்?

விவாகரத்தின்போது கோர்ட்டே தீர்த்துவைத்த விஷயம் இது. மகள் டெஸ்ஸை ஒரு வருஷம் அம்மா தன் வரிக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம், மறு வருஷம் அப்பா. இது ரோண்டாவின் முறை. பிள்ளையைக் காட்டினால் கட்டிய வரியில் ஒரு பங்கு திரும்பி வரும்; அந்தப் பணத்தை நம்பித்தான் காரை மெக்கானிக்கிடம் விட்டிருந்தாள். கார் இல்லாமல் டொலீடோ மாதிரி அமெரிக்க ஊரில் வேலைக்குப் போவதாவது! ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்கு மூன்று வாரமாக யார் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு போய் வருகிறாள். அலுத்துவிட்டது.

வாசலுக்கு வந்து கர்ட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னய்யா, இது யாரோட முறைன்னு மறந்துபோச்சா?"

"என்ன ரோண்டா, என்ன ஆச்சு?"

"டெஸ் பேரை உன் கணக்குல ஏத்தியிருக்கே. கல்யாண நாள் ஒரு வருஷமாவது ஞாபகம் இருந்துதா உனக்கு? இது மட்டும் எப்படி டாண்ணு ஞாபகம் வந்துது?"



"ஆமா... நான்தான். தப்பு நடந்துபோச்சு. இந்த வாரமே திருத்தி அனுப்ப வெச்சுடறேன். நீ உன் கணக்கைத் தாள்ல எழுதித் தபால்ல போட்டுடு, ஏத்துப்பாங்க."

"தபால்ல போட்டா பணம் வர மாசக்கணக்காகும். வேலைக்கு நான் பறந்தா போவேன்?"

"அதுவரைக்கும் என் பிக்கப் டிரக்கை எடுத்துக்கோ. நான் பஸ்ல போய்க்கறேன்."

"உன் ஓட்டை வண்டி யாருக்கு வேணும்? மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வருதா பாரு!"

"மன்னிச்சுக்கோ ரோண்டா."

இவ்வளவு சீக்கிரம் கர்ட் பணிந்ததே இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. ஒழுங்காகச் சண்டை போடக்கூடத் துப்பில்லாத மனுஷன்!

ஆத்திரம் தாங்காமல் மகளைக் கூப்பிட்டாள்.

"உங்கப்பன் பண்ணின காரியத்தைக் கேட்டியாடி? பெத்த பொண்ணு பேரை வெச்சு என்னை ஏமாத்தியிருக்கார்! கேட்டா, ஆமாங்கறார்."

 டெஸ் விசும்பும் சத்தம்தான் கேட்டது.

"அம்மா... அது அப்பா இல்லம்மா. நான்தான்."

"என்னடி சொல்றே?"

"காலேஜ் காபிக் கடையில வேலை செஞ்சேன்ல, அதுக்கு நானே போன்ல வரிக் கணக்கு அனுப்பினேன். 'உங்களை வேறு யாராவது தங்கள் கணக்கில் காட்ட முடியுமா'ன்னு கேட்டுது. எனக்குத்தான் பத்தொன்பது வயசாச்சேன்னு 'முடியாது'ன்னு தட்டிட்டேன். அதனாலதான் உன்னோடது நின்னுபோச்சு. படிக்கற பிள்ளைன்னா இந்த வயசுலயும் அம்மா அப்பா காட்டலாமாம், நான் தட்டினது தப்புன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. பயந்துபோய் அப்பாகிட்ட சொன்னேன்."

ரோண்டா நூலகப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அப்பாதான் வேணாம்னுட்டார்."

"ஏனாம்?"

"'உங்கம்மா ஏற்கெனவே அலுத்துப்போயிருக்கா. அவ திட்டறதுக்கு நான் ஒருத்தன் போதும். அவளுக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான், உன்மேலயும் அவ மனசு கசக்க வேணாம்'னார்."