எந்தப் படத்துப் பாட்டு

சனிக்கிழமை மதியம், அமெரிக்காவின் ஆலன் நகரில் ஒரு கரோக்கி கடையின் ஜன்னலில்லாத அறையில், மைக்கைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார் கிட்டுசாமி. போன வருடம் இறந்த மனைவி பவளம், ஜப்பானிய ஆபீஸ் தோழி மிச்சிகோவோடு மாதாமாதம் இங்கே வந்து என்ன பாடினாள் என்று தெரிந்துகொள்ளத்தான் மகள் வெண்பாவோடு வந்திருக்கிறார். வீட்டில் பவளம் வாய்விட்டுப் பாடியதில்லை. டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கும்போது ஒரு மெட்டை முணுமுணுப்பாள். "எந்தப் படம்?" என்று கேட்பார். "நீங்க பாக்காத படமுங்க" என்பாள். கூட வந்திருக்கும் மிச்சிகோ, பவளம் பாடும் பாட்டைத் தேடி எடுத்து, சுருதியை மூன்று படி இறக்குகிறாள். பவளத்துக்கு இதுதான் வசதி என்கிறாள் ஆங்கிலத்தில். திரையில் ஜப்பானிய எழுத்துகள் ஒவ்வொன்றாக நீலமாகின்றன. பாட ஆளில்லாமல் மெட்டு மட்டும் மணியோசை போலப் போகிறது. சுழல்விளக்கின் பச்சைப் புள்ளிகள் ஜூஸ் கிளாஸ்கள் மேல் ஊர்கின்றன. "அப்பா, திஸ் இஸ் அம்மாஸ் டிஷ்வாஷர் சாங்!" என்று துள்ளுகிறாள் வெண்பா. கிட்டுசாமி மிச்சிகோ பக்கம் குனிகிறார். "விச் மூவி?" படமெல்லாம் இல்லை, எங்கள் ஊர்ப் பெண்கள் கரோக்கியில் பாடுவது என்று அவள் சிரிக்கிறாள். எழுத்துகள் நிறம் மாறிக்கொண்டே போகின்றன. கிட்டுசாமி மைக்கை எடுத்து, வாய் திறக்காமல், பவளத்தின் சுருதியிலேயே முணுமுணுக்கத் தொடங்குகிறார்.