ஒரு கையெழுத்து குறைகிறது

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், போலந்தின் லோட்ஜ் நகர அலுவலகத்தில் யூத விளையாட்டுக் கழகத்தை மறுபடி தொடங்க மனு கொடுத்தார் லேசர்.

"ஒம்போது கையெழுத்துதான் இருக்கு. பத்து வேணும் சார்" என்றாள் குமாஸ்தா ஸ்டெஃபானியா.

"முந்நூறு பேர் இருந்தோம் மேடம். உயிரோட மிஞ்சினது இவ்வளவுதான்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கே."

லேசர் மனுவைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"பொம்பளைங்களைச் சேர்ப்பீங்களா?"

"நீச்சல்ல எங்க பொண்ணுங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது! ஆனா யூதரா இருக்கணும் மேடம்."

அவள் பேனாவை எடுத்தாள். உயிர் பிழைக்க மறைத்து வைத்திருந்த தன் சொந்த யூதப் பெயரைப் பத்தாவதாக எழுதினாள்.

"ஹிந்தா வைன்ஷ்டோக்" என்று வாசித்தார் லேசர்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க சார். கேட்டு நாலு வருஷமாச்சு."