எக்கோ குமிழ்

ஏலக்காய் மூட்டைகள் கூரைவரை அடுக்கிய கிட்டங்கியில் சாயங்கால வெயில் சன்னல் கம்பிகளின் நிழலோடு விழுகிறது. மொக்கச்சாமி புது ஆம்ப்ளிபயர் முன்னால் குத்தவைத்திருக்கிறான். எந்தச் சேனலில் கிதார் குழையும், எதில் கரகரக்கும், எக்கோவை எதுவரை திருகலாம் என்பதெல்லாம் பாட்டுக் குழுவில் அவனுக்கு மட்டுந்தான் தெரியும். அவனும் கிதார் வாசிப்பவன்தான். ஆனால் நாளைய திருவிழா மேடைக்குக் காசிமாயனைத்தான் எடுத்திருக்கிறார்கள். பாட்டுக்காரி அய்யம்மாள், ஒத்திகைக்கு வாசிக்கும் காசிமாயனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வெரசா சேனலை மாத்து மாப்ளே, தூங்கிட்டியா?" என்கிறான் காசிமாயன். மொக்கச்சாமி மாற்றுகிறான். கூடவே, வாசிப்பு குழம்பிப் போகட்டும் என்று எக்கோ குமிழைக் கடைசிவரை திருகிவிடுகிறான். குழம்பவில்லை. அதுவரை சத்தத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த மூட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு சுரமும் போடிமெட்டு மலையில் கூப்பிட்ட குரல்போல விரிந்து விரிந்து போகிறது. அய்யம்மாள் பாட மறந்து நிற்கிறாள். "அண்ணே, இன்னைக்குத்தாண்ணே உங்க கையி பேசுது!" காசிமாயன் கூச்சத்தோடு சிரிக்கிறான். "கேட்டியா மாப்ளே? குமிழை அசைச்சிராத. மேடையிலயும் இதே அளவுதான்." மொக்கச்சாமி தலையாட்டிவிட்டு, குமிழ் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறான்.